எடைமேடை

மேல்வரிசையும் கீழ்வரிசையும்
அரசாங்கப் பல் கிளினிக்கில் தந்தார்கள்,
ஊதா மூடி போட்ட சின்ன டப்பாவில்.
டாக்டர் சுஹைலா, என் கடைசி மகளைவிட இளையவள்,
கண்ணாடியைக் கையில் கொடுத்து
"பெலான்-பெலான், பாக்சிக்" என்றாள்.
முதல் வாரம் கஞ்சி.
பிறகு மெத்தென்று ஏதாவது.
பிறகு பார்க்கலாம்.

கண்ணாடியில் இருந்தவர்
யாருக்கோ பெண் பார்க்க வந்தவர் போல்
சிரித்துக்கொண்டிருந்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பீடோருக்கு வெளியே தோட்டத்துச் செம்பனை ஆலையில்
முப்பத்தொரு வருஷமாக எடைமேடைக் கிராணி நான்.
லோரி ஏறும். எண் விழும்.
எழுதிக் கிழித்துக் கொடுப்பேன்.
அதற்கு வாய் அதிகம் தேவைப்பட்டதில்லை.

கஞ்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
இரண்டாம் வாரம் கோப்பி.
மேலண்ணத்துக்குத்தான் கூரை போட்டாயிற்றே,
சூடு அங்கே தெரியவில்லை.
தொண்டைக்குப் போய்த்தான் சொன்னது.
மூன்றாம் வாரம் நெத்திலி சம்பல்.
ஒரே ஒரு நெத்திலித் தலை
கீழ்த்தட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் புகுந்துகொண்டது.
செருப்பில் புகுந்த கல்லென்றால்
நின்று உதறிவிட்டு நடக்கலாம்.
இதை மகன் வீட்டுச் சம்பந்திகள் முன்னால்
எங்கே உதறுவது?

அமிர்தவல்லி ஒன்றும் கேட்கவில்லை.
கோழியை எலும்பிலிருந்து உருவி,
பயற்றங்காயை இன்னும் பொடியாக நறுக்கி,
தட்டை என் பக்கம் தள்ளினாள்.
எனக்குக் கோபம் வந்தது.
நானென்ன கோழிக்குஞ்சா?
முழுத் தொடை ஒன்று கேட்டு வாங்கி
முன்பல்லால் கடித்து இழுத்தேன்.
மேல்வரிசை தொடையோடு போயிற்று.
அவள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள்,
மேசைமேல் சொம்பு நிறைய இருந்தது.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை.
சங்கிலிமுத்துவின் லோரியில்
குலையெல்லாம் ஒரே பக்கம்.
மேடை ஏறும்போதே வண்டி முனகிச் சாய்ந்தது.
ஜன்னலில் தலையை நீட்டித் திட்டினேன்,
முப்பத்தொரு வருஷமாகத் திட்டுகிற அதே திட்டு:
"ரெண்டு பக்கமும் சமமா ஏத்துடா,
ஒரு பக்கமே ஏத்துனா கவுந்துதான் போவும்!"
கடைசிச் சொல்லில் கீழ்வரிசை பாதி வெளியே வந்தது.
நாக்கு எட்டிப் பிடித்து உள்ளே இழுத்தது.
சங்கிலிமுத்து பார்த்தான்.
பார்த்துவிட்டு டயரைப் பார்த்தான்.
வெகுநேரம் டயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நல்ல பையன்.

அன்று மதியம் டிபன் கேரியரைத் திறந்து
இடது கடைவாய்க்குக் கொஞ்சம் சோறு,
வலது கடைவாய்க்குக் கொஞ்சம்,
இரண்டு பக்கமும் ஒன்றாக மென்றேன்.
தட்டு அசையவில்லை.
அறுபது வயதுவரை வலப்பக்கம் மட்டுமே
மென்றிருக்கிறேன் என்பது
எனக்கே அன்றுதான் தெரிந்தது.
இடது வாய்க்குச் சாம்பாரை
அறிமுகம் செய்துவைத்தேன்.

முறுக்கோடு பகையில்லை,
பேச்சுவார்த்தைதான் இல்லை.
யாராவது டோடோல் கொடுத்தால்
நன்றி சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன்.
இரவு பத்துக்குப் பல்லைக் கழற்றி
டம்ளர் தண்ணீரில் மூழ்கவிட்டபின்
வெறும் ஈறால் தின்னும் தேநீர் பிஸ்கட்,
அந்தச் சுகத்தை அமிர்தவல்லியிடம்கூடச் சொன்னதில்லை.

நேற்றுச் சம்பளம்.
சாலையோரக் கடையில் இரண்டு கொய்யா வாங்கினேன்.
இந்த ஊர்க் கொய்யா, கல்லுக்குப் பங்காளி.
கடைசி லோரி போனபின்
பேனாக் கத்தியால் மெல்லிசாகச் சீவி,
அசாம்பொய்த் தூளில் புரட்டி,
முன்பல்லுக்குக் காட்டாமல் பின்னால் அனுப்பினேன்,
இடம் கொஞ்சம், வலம் கொஞ்சம்.
சத்தம் கேட்டது.
தாடை வழியாகக் காதுக்குள் ஏறும் பழைய சத்தம்.
மூன்று வருஷமாயிற்று.

ஒரு பழம் தின்ன நாற்பது நிமிஷம்.

மற்றதைக் கொண்டுபோய்
மேடையின் நட்டநடுவில் வைத்துவிட்டு
அறைக்குள் வந்து பார்த்தேன்.
அறுபது டன் தாங்கும் இரும்பு
பூஜ்யம் காட்டியது.
எழுதிக் கிழிக்க ஒன்றுமில்லை.
எடுத்துத் துடைத்து
அமிர்தவல்லிக்கென்று பைக்குள் வைத்தேன்.