வெள்ளைக் காலுறை

சார்ஜா, அபு ஷகாரா, நான்காம் மாடி.
லிப்ட்டில் யாரோ பொரித்த மீனின் வாசம்.
கதவைத் திறந்த பரக்கத் நிஷா அக்கா
வணக்கமோ சலாமோ சொல்லுமுன்
கணுக்காலைக் காட்டினார்.
மூன்று மூன்றாய்ச் சிவந்த புள்ளிகள்.

"ஐம்பத்திரண்டு நாள் பூட்டிக்கெடந்த வீடு தம்பி.
சோறில்ல, தண்ணியில்ல, ஆளில்ல.
எதைத் தின்னு உசுரோட இருந்துச்சு இது?"

நான் பதில் சொல்லவில்லை.
பூட்ஸைக் கழற்றி, பையிலிருந்து
வெள்ளைக் காலுறை எடுத்து
முழங்கால்வரை இழுத்துக்கொண்டேன்.
பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி என்று
சின்னவள் ரிஃபா சிரித்தாள்.
கம்பளத்தின்மேல் பத்து எட்டு நடந்து நின்றேன்.
சிரிப்பும் நின்றது.
காலுறையில் ஏழு கரும்புள்ளிகள்.
எண்ணி முடிப்பதற்குள் ஒன்பது.

"ஊருக்குப் போகும்போது ஏசியை அணைச்சீங்களா?"
"பூஞ்சை பிடிக்குமேன்னு
இருபத்தெட்டுல ஓடவிட்டோம்."

அப்படியானால் சரி.
வெளியே நாற்பத்தேழு.
உள்ளே உங்கள் செலவில் குளிர்ச்சி.
கம்பள நூலுக்குள் நூல் சுற்றி
ஒவ்வொன்றும் ஒரு பொட்டலமாகக் கிடந்திருக்கும்.
பசி தெரியாது. நாள் தெரியாது.
பூட்டு திறந்து, பெட்டி உருண்டு,
தரை அதிர்ந்து, மூச்சுச்சூடு பட்டதும்
ஒரே நேரத்தில் எல்லோருக்கும் பிறந்தநாள்.

"நாங்க வர்றது அதுக்குத் தெரியுமா?"
என்றாள் ரிஃபா.
அதற்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

கட்டிலுக்கடியில் பூனை.
பெயர் மைதா. பெயருக்கேற்ற நிறம்.
ஈரத் தாளில் அதன் முதுகைத் துடைத்தேன்.
மிளகுத்தூள்போல் உதிர்ந்தது
தாளில் செம்மண்ணாய்க் கரைந்தது.
"அழுக்கில்ல அக்கா. இதன் ரத்தம்தான்.
குடிச்சு, கழிச்சு, இதன் மேலயே போட்டிருக்கு."

அப்போதுதான் மேசைமேல் அதைப் பார்த்தேன்.
நாய்ப் படம் போட்ட சொட்டு மருந்து.
தோழி பாதி விலைக்குத் தந்ததாம்,
பாதி ஊற்றினால் பூனைக்குப் போதுமாம்.
வாழ்க்கையில் முதல்முறை
வாடிக்கையாளரின் கையைப் பிடித்தேன்.
நாய்க்கு மருந்து; பூனைக்கு நஞ்சு.
நடுங்கி நடுங்கி விடியுமுன் போய்விடும்.
எடை பார்த்து, மருத்துவர் கொடுக்க,
பூனைக்கென்றே செய்ததை வாங்குங்கள்.
பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில்,
மாதம் ஒன்று. நின்றுவிட்டதென்று நிறுத்தாமல்.

அடர்பல் சீப்பும் சோப்புத் தண்ணீரும் கேட்டேன்.
தெள்ளு என்று இதற்குப் பெயர் வைத்தவன்
தெள்ளுவதற்கும் அதே சொல்லை வைத்தான்.
கோபத்தில் வைத்தானோ, குறிப்பாக வைத்தானோ.
மைதாவைத் தெள்ளினோம்.
கிண்ணத்தில் இருபத்தாறு மூழ்கின.

மூலைகளில் மருந்தடித்துவிட்டுப் போனேன்.
ஆறாம் நாள் போன்:
"இருநூத்தம்பது திர்ஹம் வாங்கிட்டு
எறும்புக்கு அடிச்சியா?"
பொட்டலத்துக்குள் மருந்து போகாது அக்கா.
அது வெளியே வந்தால்தான் சாகும்.
தினம் வேக்வம் போடுங்கள், பையை உடனே வீசுங்கள்,
விரிப்பெல்லாம் வெந்நீரில்.
அப்புறம், ரிஃபாவைக் குதிக்கச் சொல்லுங்கள்.

"என்னது?"

குதிக்கட்டும். கம்பளம் முழுக்க.
ஆள் வந்துவிட்டார்கள் என்று நம்பி
மிச்சமிருப்பதெல்லாம் எழுந்து வரட்டும்.

குதித்திருக்கிறாள். மாலை தோறும் அரைமணி நேரம்.
மூன்றாம் மாடிக் குடும்பம் வாட்ச்மேனிடம் போயிருக்கிறது.
வாட்ச்மேன் என் கம்பெனிக்குப் பேச,
மேலாளர் என்னைக் கூப்பிட்டு
"குதிப்பது எந்தப் பட்டியலில் இருக்கிறது?" என்றார்.

மூன்றாம் முறை போனபோது
ரிஃபாவும் வெள்ளைக் காலுறையில் நின்றாள்.
இருவரும் நடந்தோம், சோபா, ஜன்னல், சோபா.
நான்கு கால்கள். ஒன்றுமில்லை.
மைதா எங்கள் பின்னால் வந்து
நடுவில் உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்தது.
மூவரும் உற்றுப் பார்த்தோம்.
சும்மாதான் சொறிந்தது.

அறிக்கையில் "இல்லை" என்றெழுதிக்
கையெழுத்து வாங்கினேன்.
இரவு சஜாவில், ஒன்பது பேர் அறையில்,
அதே காலுறையைக் கழற்றும்போது
மேல்கட்டில் சொஹைல் டார்ச் அடித்து
மெத்தைத் தையலில் எதையோ நசுக்கினான்.
இது மூட்டைப்பூச்சி. வேறு இனம், வேறு மருந்து.
அழைப்பு வந்தால்தான் அடிப்போம்.
யார் அழைப்பது என்று
இரண்டு பேருக்குமே தெரியவில்லை.