ஒற்றைக் கோல்

போன ஏப்ரலில் விழுந்தேன்.
பெரிய விழுகை இல்லை, தொடையளவுத் தண்ணீர்தான்.
ஆனால் சோச்சா ஆறு தொடையளவிலேயே
ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.
நாற்பதடி தள்ளி ஒரு பாறையில் ஒதுங்கியபோது
முதலில் தேடியது தொப்பியை.
அடுத்து, யாராவது பார்த்தார்களா என்று.

அதனால் இந்த வருடம் கோல்.

டோல்மின் கடையில் ஸ்வெஸ்தானா
ஒரு பையை மேசைமேல் கவிழ்த்தாள்.
மடங்கிக் கிடந்த அலுமினியத் துண்டுகள்
ஒரே உதறலில் சடசடவென்று சேர்ந்து
விறைத்து நின்றன.
கைதட்டத் தோன்றியது.
"மணல் புகுந்தால்?"
"மடங்காது."
"நடு ஆற்றில் மடங்காவிட்டால்?"
"நடு ஆற்றில் எதற்கு மடக்குகிறாய்?"
நல்ல பதில். விலைதான் நல்லதில்லை.
எண்பத்தொன்பது யூரோ என்றால்
அஞ்சலகத்தில் ஒன்றரை நாள்
முத்திரை குத்த வேண்டும்.

பிறகு ஹேசல் மரக்கம்பு.
சாலைச் சரிவில் நானே வெட்டியது.
கை வழுக்காமலிருக்கப் பட்டையை உரிக்கவில்லை.
நெஞ்சுக்குழி வரை உயரம் வேண்டுமாம்.
கரையில் அளந்தபோது கச்சிதம்.
இறங்கினால், என் காலடியில் ஒரு கல்,
கம்பின் அடியில் ஒரு குழி;
நெஞ்சுக்குழி எங்கே போயிற்றென்று தெரியவில்லை.
கைவிட்டால் மிதந்தது, அது நல்ல குணம்.
கயிற்றின் முனையில் நாய்க்குட்டி மாதிரி
ஆற்றோடு போகலாம் போகலாம் என்று இழுத்தது.
ஆனால் பச்சை மரம், கனம்.
மாலைக்குள் என் முழங்கை
வேறு யாருடையதோ ஆகிவிட்டது.

நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால்
பனிச்சறுக்குக் கோல் ஒன்று கிடந்தது.
ஒன்றுதான்.
விவாகரத்தின்போது பட்டியல் போட்டுப் பிரித்தோம்:
சறுக்குப் பலகைகள் லுட்விக்குக்கு,
காபி இயந்திரம் எனக்கு.
கோல்களை எழுத மறந்துவிட்டோம்.
அவசரத்தில் அவன் ஒன்றை எடுத்துப் போனான்.
ஒற்றைக் கோலை வைத்துக்கொண்டு
எந்த மலையில் யார் சறுக்குவது?

அடிவளையத்தைக் கத்தியால் அறுத்தெறிந்தேன்.
இரும்பு முனை கல்லில் பட்டால்
ஆற்றின் அடியெங்கும் தந்தியடிக்கும்,
பளிங்கு ட்ரவுட்டுக்கு அந்த மொழி நன்றாகத் தெரியும்.
எனவே சமையலறை மேசையின் காலிலிருந்து
ரப்பர் குமிழ் ஒன்றைப் பிடுங்கி மாட்டினேன்.
மேசை இப்போது ஆடுகிறது.
கைப்பட்டை அவன் மணிக்கட்டின் அளவிலேயே
இறுகிப் போயிருந்தது.
இரண்டு துளை குறைத்தேன்.

ஊன்றுவது மேல்நீர்ப் பக்கம்.
சாய்ந்துகொள், ஒரு கால்.
காத்திரு, இன்னொரு கால்.
இரண்டை ஒன்றாக நகர்த்தாதே.
வாழ்க்கைக்கும் இது பொருந்துமே என்று
யாராவது சொல்ல வந்தால், பொருந்தாது.
ஒரே மாதத்தில் வீட்டையும் வேலையையும்
புருஷனையும் மாற்றியவள் நான்.
அப்போது விழவில்லை.

நடு ஆற்றுக்கு வந்திருப்பேன்.
எதிர்க்கரை நிழலிலிருந்து ஒருவன் இறங்கினான்.
முகத்துக்கு முன் கோல்தான் தெரிந்தது:
அதே சிவப்பு, பிடிக்குக் கீழே
அதே வெள்ளைக் கோடு.
அடிவளையத்தை அவன் அறுக்கவில்லை.
ஆறு அதற்குள் புகுந்து புகுந்து
கோலையும் ஆட்டி அவனையும் ஆட்டியது.
எந்த வேலையும் முக்கால்வாசியோடு சரி.

நிமிர்ந்தான். பார்த்தான்.
என் கையிலிருப்பதையும் பார்த்தான்.
கை அசைப்பதுதான் மரியாதை.
ஒரு கையில் தூண்டில், மறு கையில் கோல்,
எதை எடுத்தாலும் ஒருவர் போய்ச் சேர்வோம்.
தலையை மட்டும் ஆட்டிக்கொண்டோம்,
சர்ச்சில் தெரிந்தவர்களைப் பார்த்தது போல.

அவன் முதுகுக்குப் பின்னால், பாறையடியில்
ஒரு மீன் சத்தமில்லாமல் எழுந்து
ஒரு பூச்சியை உறிஞ்சிவிட்டு இறங்கியது.
பெரியது.
அவன் கவனிக்கவில்லை,
வளையத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தான்.
என் எறிதல் அங்கே எட்டும்.
கோலை இன்னும் நாலு விரல்
ஆழமாக ஊன்றினேன்.