ஒறிஜினலோ?

இரவு பதினொண்டு. அங்கை ஒண்டரை.
மிஸ் லின் இன்னும் நித்திரை கொள்ளேல்லை.
"அன்பான மூத்த சகோதரரே" எண்டு தொடங்குது
போனுக்குள்ள இருக்கிற மொழிபெயர்ப்பு.
அவவுக்கு என்ன வயசோ தெரியாது,
படத்தில ஒரு பூனை மட்டும்தான்.

ஒரு சைஸுக்கு ஆகக் குறைஞ்சது நாப்பது சோடி.
ஆறு சைஸ்.
முதல் தரம் பதினெட்டு டொலர், நடுத்தரம் பதினொண்டு,
மூண்டாவதுக்கு அவ பேர் வைக்கேல்லை, ஆறரை.
அடகு வைச்ச சங்கிலி
நடுத்தரம் வரைக்கும்தான் எட்டிச்சு.

"உங்கள் ஊரின் கால் எப்படிப்பட்டது?"
கொஞ்ச நேரம் முழிச்சன்.
பிறகுதான் விளங்கிச்சு,
அகலமோ ஒடுக்கமோ எண்டு கேக்கிறா.

காலமை கடையில நிக்கிற டிலுக்சனை
பேப்பரில மரண அறிவித்தல் பக்கத்தில ஏத்தி
பென்சிலால சுத்திக் கீறினன்.
பெருவிரல் ஒரு திக்கு, மற்றது நாலும் வேற திக்கு.
ஒருத்தன்ர கால் போதாதெண்டு
பக்கத்துக் கடைப் பரலோகநாதனை,
கொத்துரொட்டி ரமீஸை,
கையெழுத்து வாங்க வந்த தபால்காரரை.
பக்கம் நிரம்பப் படம் எடுத்து அனுப்பினன்.
"அழகான மலைகள்" எண்டு வந்துது பதில்.
மொழிபெயர்ப்பின்ர பிழையோ
அவவின்ர பகிடியோ.

அறுபத்தொரு நாள்.
கொள்கலன் முழுக்க என்னுடையது இல்லை,
வவுனியாக்காரற்ற சைக்கிள் ரியூப்,
கொழும்புக்காரற்ற பிளாஸ்ரிக் பூ,
இடுக்கில என்ர பத்துப் பெட்டி.
கிளியரிங் ஏஜென்ற் போனில சொன்னார்,
"ஒருத்தர் சப்பாத்தைப் பாத்தார்,
தன்ர காலைப் பாத்தார்,
நாப்பத்திரண்டு எடுத்தார்."
அதோட இருநூற்றி முப்பத்தொன்பது.

ஸ்ரான்லி வீதியில பெட்டி உடைக்க
மீன் பொரிச்ச மணத்தையும் மூடிச்சு பசை மணம்.
முதல் பெடியன் கேட்டான்,
"அண்ணை, ஒறிஜினலோ?"
"ஒறிஜினல் விலைக்கு ஒறிஜினல். இந்த விலைக்கு இது."
சிரிச்சான். ரெண்டு தரம் குதிச்சுப் பாத்தான். வாங்கினான்.
நான் பொய் சொல்லேல்லை.
ஆனா விலைச்சீட்டில அந்தப் பேர் இருந்தது,
நீல மையில, என்ர கையெழுத்தில.

ஆவணியில ரொறன்ரோவில இருந்து
மச்சான் விமலகாந்தன் வந்தார்.
காலில அதே பேர், அதே நிறம்,
வரியோட இருநூற்றி முப்பது டொலர்.
என்ர றாக்கையில ஒண்டை இழுத்து
தன்ரயோட சேத்துப் பிடிச்சார்.
"இதில நூல் நேராப் போகுது.
உன்ரயில குதியடியில ஒருக்கா வழுக்குது, பார்."
உண்மைதான்.
மிச்சம் இருந்த எல்லாத்தையும் எடுத்துப் பாத்தன்,
எல்லாத்திலயும் அதே இடத்தில அதே வழுக்கல்.
அங்கை ஒரு ஆள்
ஒவ்வொரு சப்பாத்துக்கும் ஒருக்காத் தும்மியிருக்க வேணும்.

பின்னேரம் நல்லூர்.
வேலியோரம் மலையாச் செருப்பு.
கழட்டி வைச்சு மூண்டடி நடக்க
மணல் சுட்டு, மச்சான் நுனிக்காலில நிண்டார்.
நான் பேசாமல் சட்டையைக் கழட்டி இடுப்பில கட்டினன்.

திரும்பி வரேக்க குவியல் இடம் மாறியிருந்தது.
வழி விட எண்டு
சாரணர் பெடியன் தடியால ஒதுக்கியிருந்தான்.
மச்சான் குனிஞ்சு, தேடி, எடுத்து,
தட்டிப் போட்டுக்கொண்டு நடந்தார்.
சந்தி வரைக்கும் கதை நிக்கேல்லை.
"இதைத்தானடா சொல்லுறன்,
காசு குடுத்தா காலுக்குத் தெரியும்."
நான் பின்னால வந்தன்.
வலக்கால் தூக்கினார், குதியில அந்த வழுக்கல்.
இடக்கால் தூக்கினார், அங்கையும்.

எங்கையோ ஒரு பெடியன்
இப்ப வீட்டுப் படியில இருந்து கழட்டுவான்.
"அண்ணை நல்ல சாமான்தான் தந்திருக்கிறார்"
எண்டு தாயிட்டைச் சொல்லுவான்.

இரவு பதினொண்டு.
"தரத்தில் குறை ஏதும் உண்டா, மூத்த சகோதரரே?"
நூல் எண்டு எழுதினன்.
அழிச்சன்.
இன்னும் நூற்றி இருபது சோடி,
நாப்பத்திமூண்டு கொஞ்சம் கூடப் போடுங்கோ.