பொதுமக்களுக்கு மூன்று நிமிடம்

விடியற்காலை நாலரை, லிங்கராஜபுரம்.
ஹெட்போனை மாட்டினால்
ஒஹையோவில் இன்னும் நேற்றைய மாலை.
ஏழு பேர் நாற்காலி இழுக்கும் சத்தம்,
யாரோ ஒருவரின் இருமல்,
பிறகு கொடியைப் பார்த்து முணுமுணுக்கும் உறுதிமொழி.
அதை நான் அடிக்க வேண்டாம்,
ஒரு பொத்தானுக்கு முழுதாய் வந்துவிடும்.

காது கேளாதவர்களுக்காக
அந்த நகரசபையின் பேச்சை எழுத்தாக்குகிறேன்.
நிமிடத்துக்கு இவ்வளவு என்று கூலி.
மௌனமும் கணக்கில் சேரும் என்பதால்
தயங்கிப் பேசும் உறுப்பினர்களை எனக்குப் பிடிக்கும்.

அந்த ஊரை நான் பார்த்ததில்லை.
அதன் சாக்கடை எங்கே அடைக்கும் என்று தெரியும்.
முன்மொழிகிறேன் என்பார் ஹென்ஷா.
வழிமொழிய ஆளில்லாவிட்டால்
எவ்வளவு நல்ல யோசனையும் மேஜையிலேயே செத்துப்போகும்.
என் கல்யாணப் பேச்சு நின்றதும் அப்படித்தான்.

சட்டம் போட ஓர் இடம், நடத்த ஓர் இடம்,
தீர்ப்புச் சொல்ல ஓர் இடம்,
ஒன்றை ஒன்று மிஞ்சக் கூடாது:
பள்ளியில் நாலு மதிப்பெண் கேள்வி.
காதில் கேட்கும்போது வேறு மாதிரி இருக்கிறது.
"அந்தச் சாலை மாநிலத்தினுடையது."
"மாநிலம், பணம் வாஷிங்டனில் என்கிறது."
"மேயர் வீட்டோ செய்துவிட்டார், இனி ஐந்து பேர் வேண்டும்."
எனக்குச் சிரிப்பு வந்தது.
தண்ணீர் வாரியம் மாநகராட்சியைக் கைகாட்ட
மாநகராட்சி மின்வாரியத்தைக் கைகாட்ட
எங்கள் தெருக் குழி மூவருக்கும் பொதுவாய்
மழைநீரோடு உட்கார்ந்திருக்கிறது.

போன மாதம் புதிய தொகுதி வரைபடம் காட்டினார்கள்.
வால் அறுந்த பல்லி மாதிரி இருந்தது.
ஏன் இங்கே வளைகிறது என்று ஒருவர் கேட்டார்.
ஆற்றை ஒட்டி, என்றார் வரைந்தவர்.
அந்த இடத்தில் ஆறு இல்லை.
என் சுவரிலும் ஒரு பல்லி சொன்னது.
யாருக்கு என்ன பலன் என்று பார்க்க
பஞ்சாங்கம் தேவைப்படவில்லை.

டொலோரஸ் பிட்னர் எல்லாக் கூட்டத்துக்கும் வருவார்.
பொதுமக்களுக்கு மூன்று நிமிடம்.
பச்சை விளக்கு, மஞ்சள், சிவப்பு.
மேப்பிள் தெருவும் ஆறாம் தெருவும் சேரும் முனையில்
ஒரு 'நில்' பலகை, அவ்வளவுதான் கேட்கிறார்,
பதினெட்டு மாதமாக.
சில நாள் வாக்கியத்தின் நடுவில் சிவப்பு எரிந்துவிடும்.
நான் ஒரு கோடு போட்டு நிறுத்த வேண்டும்.
கோட்டுக்கு அப்பால் என்ன என்று
அங்கே யாரும் கேட்பதில்லை.
எனக்குத் தெரியும்.
அடுத்த சொல் எப்போதும் அந்தப் பையனின் பெயர்.

ஒருநாள் வாக்கெடுப்பு வந்தது.
ஆம். ஆம். இல்லை. இல்லை. ஆம். இல்லை.
ஏழாமவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.
ஆம்.

ஒரே ஒரு ஜோடிக் கை தட்டியது.
கையேட்டில் இருக்கிறது:
ஒருவர் தட்டினால் அதைக் கைதட்டல் என்று எழுதக் கூடாது.
லிங்கராஜபுரத்தில் நானும் தட்டினேன்,
மாடிவீட்டுக்காரர் எழுந்துவிடாத அளவுக்கு.
பிறகு எழுதினேன், கைதட்டல்.

தரப் பிரிவு அரை மதிப்பெண் குறைத்தது.
மூன்று வேலை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாமாம்.
செய்யவில்லை.

மறுநாள் ஆறரைக்குத் தண்ணீர் லாரி.
குழியைத் தாண்டி வரமாட்டேன் என்று
முனையிலேயே நின்றுவிட்டது.
எங்களுக்குக் கவுன்சிலர் இல்லாமல் போய் வருடங்கள் ஆகின்றன.
இடப்பக்க வீடுகள் எந்த வார்டு, வலப்பக்கம் எந்த வார்டு
என்பதே இழுபறி.
யாராவது போய்ச் சொல்லணும், என்றார் நவமணி அக்கா,
வழக்கம்போல் யாரையும் பார்க்காமல்.

குடத்தைக் கீழே வைத்தேன்.
பிறர் பேச்சையே அடித்து அடித்து
என் தொண்டை எனக்கே புதிதாக இருந்தது.
கன்னடத்தில் ஆரம்பித்துப் பாதியில் தமிழுக்கு வந்தேன்.
திங்கட்கிழமை எல்லோரும் வார்டு ஆபீசுக்குப் போவோம்,
குழியின் போட்டோவோடு.
சொல்லி முடித்தபோது எந்த விளக்கும் எரியவில்லை.

வழிமொழிய ஒருவர் போதும்.
நின்றேன்.
இந்த மௌனத்துக்குக் கூலி கிடையாது.
லாரிக் குழாய் நழுவித் தரையில் கொட்டத் தொடங்கியது,
குழியை நோக்கி.