பிழையில்லாத பெயர்

புளியரை எஸ் வளைவுக்குக் கீழே
வைக்கோல் லாரிகள் மூச்சு வாங்கி நிற்குமிடத்தில்
என் கடை.
ஒரு கணினி, ஒரு பிரிண்டர்,
சுண்டல்காரர் பரமசிவத்துக்குப் பாதி வாடகைக்கு விட்ட வாசல்.
பத்து நிமிடத்தில் ஈ-வே பில்.
மலையாளத்திலும் வசவு வாங்கத் தெரியும் எனக்கு.

எல்லையில் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார்கள்.
தார்ப்பாயை, தக்காளிக் கூடையை,
கோழி வண்டியின் கீழ்த்தட்டை.
வைக்கோலுக்குள் நீளக் கம்பியைச் செருகி
முட்டுகிறதா என்று காது வைப்பார்கள்.
அந்தக் கம்பிக்கு இருபதடி தள்ளி
பதினோரு வருடமாக ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தேன்,
திரையின் ஓரத்தில், மஞ்சள் சீட்டில்,
கொட்டை எழுத்தில்.
நான் சாப்பிடப் போனால்
பரமசிவம் மகள் பில் போட வேண்டுமே.

மார்கழிச் சாரலில் ஒரு மின்னஞ்சல்.
வாகனம் நிறுத்தப்பட்டது, விவரம் இணைப்பில்.
எந்த வாகனம் என்று கேட்கத் தோன்றவில்லை,
இங்கே தினமும் ஏதோ ஒன்று நிறுத்தப்படுகிறது.
திறந்தேன்.
வெள்ளைப் பக்கம் ஒன்று கண் சிமிட்டி மறைந்தது.
சரியாகத் திறக்கவில்லை போலும் என்று
இன்னொரு தரமும் திறந்தேன்.

சித்திரையில் பதிவுத் தபால்.
இசக்கி டிரேடர்ஸ், பழைய இரும்பு,
நான்கு கோடியே பதினாறு லட்சத்துக்கு விற்றிருக்கிறேன்.
வரி பாக்கி எழுபத்தைந்து லட்சம்.
அன்று என் கல்லாவில்
முந்நூற்று நாற்பது ரூபாயும்
கிழிந்த பத்து ரூபாய்த் தாள் ஒன்றும் இருந்தன.

ரேஷன் அட்டையில் நான் இசைக்கி.
வாக்காளர் பட்டியலில் எசக்கி, ஆண்.
எரிவாயுப் புத்தகத்தில் ஈசாக்கு.
ஒவ்வொன்றுக்கும் மனுக் கொடுத்து
ஒவ்வொரு மனுவிலும் புதுப்பிழை வாங்கி வந்தவள் நான்.
திருடன் ஒருவன்தான்
பா. இசக்கியம்மாள் என்று
புள்ளி பிசகாமல் எழுதியிருந்தான்.
சொல்ல வெட்கம்,
ஒரு கணம் நன்றாக இருந்தது.

பஸ் ஏறி ஆரியங்காவு தாண்டிப் போனேன்,
என் கம்பெனியைப் பார்க்க.
நோட்டீஸில் இருந்த கதவு எண்ணில்
ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகை.
கீவர்கீஸ் என்றொருவர் கைலியை மடித்துக் கட்டியபடி வந்தார்.
இசக்கியம்மாளோ? கத்துகள் குறேயுண்டு, ஆளெ கண்டிட்டில்லா.
ரப்பர் வாசமடிக்கும் ஒரு கட்டு உறைகளைக் காட்டினார்.
நான்தான் அவள் என்றேன்.
அட்டையை வாங்கி
படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து
இது வேற ஆள் போலுண்டு என்றார்.
கட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.
நல்ல மனிதர்.
என் கணினிக்கு அவரளவு சந்தேகம் இருந்திருக்கலாம்.

தென்காசி சைபர் பிரிவில் அந்தப் பெண் அதிகாரி
இரும்பு எங்கே என்று நான் கேட்டதும் சிரித்துவிட்டார்.
இரும்பே கிடையாதும்மா.
லாரி கிடையாது, கடை கிடையாது,
பில் மட்டும்தான் எல்லை தாண்டியிருக்கு.
அத்தனையிலும் நிஜமாக இருந்தது
என் பெயர் ஒன்றுதான்.

கணினியைத் துடைத்து எடுத்தார்கள்.
பதினோரு வருட பில்களோடு
மகன் பள்ளி ஆண்டு விழாப் படங்களும் போயின,
பிரதி எடுத்து வைக்காதது என் குற்றம்.
மஞ்சள் சீட்டைக் கிழித்தேன்.
பசை மட்டும் போகவில்லை,
சதுரமாக அழுக்குப் பிடித்து நிற்கிறது.
வங்கிக்கு ஒரு சொல், வரித்தளத்துக்கு ஒரு சொல்,
பரமசிவம் மகளுக்குத் தனி வாசல்.
எந்தப் பூட்டைத் தொட்டாலும்
என் போனுக்கு ஆறு இலக்கம் வந்தாக வேண்டும்.
சிக்னல் இல்லாத மழை நாளில்
போனைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடுகிறேன்.

பின்னால் ஹாரன்.
எந்தா சேச்சி, இத்ர நேரம்?
நான்தானா என்று கேட்கிறது, பொறுங்கள் என்கிறேன்.

விசாரணை அடுத்த மாதம் பதினேழாம் தேதி.
இரும்பே கிடையாது என்று தெரியும்.
ஆனாலும் இரவில் பழைய இரும்பு ஏற்றிய லாரி
வளைவில் கிறீச்சிட்டுத் திரும்பினால்
எழுந்து நின்று பார்க்கிறேன்.
கம்பிக்காரர் தார்ப்பாயைத் தட்டி
போ போ என்று கையசைக்கிறார்.