எட்டு விநாடி

தார்த்துவில் மார்ச் மாதம்.
ஆற்றில் பாதி இன்னும் பனிக்கட்டி.
இரவு இரண்டே முக்காலுக்குத்
தலையணைக்கடியில் கைபேசி அதிர்ந்தது:
கால்நடை மருத்துவரின் இரவு எண்
யார் அழைத்தாலும் எடுப்பதில்லையாம்.

சர்வர் சாகவில்லை, அதுதான் வேடிக்கை.
விசிறி சுழல்கிறது, விளக்கு பச்சை,
நினைவகத்தில் பாதி காலி.
மூச்சிருக்கிறது, பேச்சில்லை.

பதிவேட்டைத் திறந்தேன்.
ஹீயுமா தீவின் ஒரே முகவரியிலிருந்து
இருநூற்றுப் பதினோரு இணைப்புகள்.
கதவைத் தட்டும். திறந்தால் உள்ளே வரும்.
பெயர் கேட்டால் சொல்லாது.
உட்காரும்.
அடுத்தது வரும். அதுவும் உட்காரும்.
சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனவையும் உண்டு;
போனது தெரியாமல்
வெறும் நாற்காலிகளுக்குக் காவல் இருந்தது
என் நிரல்.

அதில் ஒன்று இன்னும் மோசம்.
கேள்வி கேட்டுவிட்டுப் பதிலை வாங்கிக்கொள்ளாது.
ஒரே ஆள் பரிமாறும் பந்தி இது.
அவன் ஓர் இலையின் முன்
கரண்டியை நீட்டியபடி உறைந்துவிட்டான்.
மற்ற இலைகள் எல்லாம் காய்கின்றன.

எழுதியவன் நான்தான்.
நாலு வருஷம் முன்பு,
வருகிறவர்கள் எல்லோரும்
வணக்கம் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள்
என்று நம்பிய ஒரு வெயில் நாளில்.

ஊர்மோவை எழுப்பினேன்.
"முகவரியைத் தடு. ஒரு வரி. போய்த் தூங்கு."
அடித்தேன் அந்த ஒரு வரியை.
அதற்குமுன் ஒருமுறை
எல்லாவற்றையும் நிறுத்தித் தொடங்கிப் பார்ப்போமே என்று
தொடங்கினேன்.

நாற்காலிகள் காலி.
முதலில் நுழைந்தது மறுபடி
அதே ஹீயுமா.
இம்முறை பெயர் சொன்னது.
மருத்துவரின் வரிசை இன்னும் விழிக்காததால்
மணி என் ஹெட்செட்டில் அடித்தது.

"ஹலோ? ஹலோ? ஆதூ பேசுகிறேன்.
கன்றுக்குப் பின்னங்கால் முதலில் வருகிறது.
நாற்பது நிமிஷமாய் அழுத்திக்கொண்டே இருக்கிறேன்.
தொழுவத்துப் பெட்டி கேபிள் காற்றில் ஆடுகிறது,
ஆடும்போதெல்லாம் இது எல்லாம் மறந்துபோகிறது."

இருநூற்றுப் பதினொன்றும்
அவன் கட்டைவிரல்தான்.

ஹெல்யூவின் சொந்த எண்ணுக்குத் திருப்பினேன்.
அந்த ஒரு வரியை அழித்தேன்.
பிறகு உட்கார்ந்தேன்.

வந்தவர் ஐந்து விநாடிக்குள் பெயர் சொல்லவேண்டும்,
இல்லையேல் கதவு.
ஒரு முகவரிக்குப் பத்து நாற்காலி.
பதினொன்றாவது வந்தால்?
விரட்டத்தான் எழுதினேன். கை நின்றது.
பேசப்போவது
அந்தப் பதினொன்றாவதாக இருந்தால்?
மாற்றினேன்: புதிதாய் வருவதற்கு
நெடுநேரம் ஊமையாய் இருப்பது எழுந்து இடம் விடும்.
பரிமாறுகிறவன் இனி யாருக்காகவும் நிற்கமாட்டான்;
இலைக்கு இலை தனிக் கிண்ணம்,
அவரவர் தாமதம் அவரவர் கிண்ணத்தில்.
நிரம்பி வழிந்தால் அந்த இலை மட்டும் எடுபடும்.

சோதிக்க வேண்டுமே.
சமையலறை மடிக்கணினியிலிருந்து
நானே கெட்டவனானேன்.
ஆயிரம் தடவை வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்தேன்.
பாதிச் சொல்லில் எழுந்து போனேன்.
கேட்டேன், காதைப் பொத்திக்கொண்டேன்.
ஓர் எழுத்து, ஒரு நிமிஷம், இன்னோர் எழுத்து என்று
உயிரை வாங்கினேன்.
இவ்வளவு கெட்டவனாய் இருப்பது
இவ்வளவு சுலபம் என்று தெரியாது.
அத்தனைக்கும் நடுவே இன்னொரு கைபேசியில்
நல்ல அழைப்பு ஒன்று போட்டேன்.
மணி அடித்தது.

நாலரை.
ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது
ஹீயுமாவின் காற்று ஞாபகம் வந்தது.
அந்தப் பெட்டிக்குத் தன் பெயர் நினைவுவர
ஐந்து போதுமா?
கத்தியை வைத்துவிட்டுப் போய்
எட்டாக்கினேன்.
எட்டுக்குக் கணக்கு ஒன்றும் கிடையாது.

ஆறு மணிக்கு ஹெல்யூவிடமிருந்து வந்தது:
"இரட்டை. ஒன்று நிற்கிறது."
மேற்கொண்டு கேட்கவில்லை நான்.

பதிவேட்டில் ஹீயுமா
வருகிறது, பேசாமல் இருக்கிறது,
எட்டாவது விநாடி வெளியே போகிறது.
மறுபடி தட்டுகிறது.