நாற்பத்தோராவது நிமிடம்

பீப்பிள்ஸ் பார்க் சென்டர், நான்காம் மாடி.
இந்தப் பக்கம் பல் மருத்துவர், அந்தப் பக்கம் பயண முகவர்,
நடுவில் என் பெயர்ப்பலகை.
உயில், மணவிலக்கு, வாடகைத் தகராறு போக
வருடத்துக்கு மூன்றோ நான்கோ படங்கள்.

படங்கள் என்றால் படங்கள் அல்ல, கோப்புகள்.
எழுதியவனிடமிருந்து எடுத்தவனுக்கு,
எடுத்தவனிடமிருந்து கம்பெனிக்கு,
கம்பெனியிலிருந்து விற்பவளுக்கு என்று
கையொப்பம் கையொப்பமாய்க் கோத்த சங்கிலி.
ஒரு கண்ணி விட்டுப்போனால்
காப்புறுதிக்காரன் கதவைச் சாத்துவான்.

விற்பவள் குவெக் சியூ லிங்.
டிசம்பர்ச் சந்தையில் மரினா பேயில்
ஒரு மேசை, மூன்று நாற்காலி வாடகைக்கு எடுத்து
அரைமணிக்கு ஓர் ஆளாய்ப் பார்க்கிறாள்.
"தொண்ணூறு நிமிடம். பஸ் டிப்போவில்
இரவு துப்புரவு செய்கிறவன் கதை.
யாரும் சாகவில்லை."
கடைசி வரியில் மட்டும் குரல் தாழும்,
குறையை ஒத்துக்கொள்வதுபோல.

அவள் ஒப்பந்தம் கேட்பது
அண்டம் முழுவதும்,
இன்றுள்ள, இனிமேல் கண்டுபிடிக்கப்போகிற
எல்லா ஊடகங்களிலும்.
"செவ்வாயிலும் வசூல் உண்டாக்கா?"
சிரித்தான் படமெடுத்த நன்மாறன்.
நான் சிரிக்கவில்லை.
'சிங்கப்பூர் நீங்கலாக' என்று
இரண்டு சொல் அதில் நுழைக்க
எட்டு நாள் சண்டை போட்டிருந்தேன்.
அண்டத்தில் இந்தத் தீவு மட்டும்
இன்னும் அவனுடையது.

நேற்று இரவு பதினொன்றரைக்கு அழைத்தாள்.
தைப்பேக்காரர் வாங்குகிறார். விமான நிறுவனமும் ஒன்று,
சின்னத் தொகைதான், ஆனால் காசு.
"நாற்பத்தோராவது நிமிடத்தில்
என்ன பாட்டு அது?"

அடுக்குமாடிச் சமையலறை, விடிகாலை.
அவன் தட்டுக் கழுவுகிறான்.
பக்கத்து வீட்டு வானொலியில்
பதினோரு வினாடி பழைய பாட்டு.
அவன் கை நிற்கிறது. கூடவே முணுமுணுக்கிறான்.
"அது தானா வந்ததுக்கா, நாங்க வைக்கல" என்றான் நன்மாறன்.
'தானாக வந்தது' என்று
சட்டத்தில் பிரிவு ஏதும் இல்லை.
பாட்டின் உரிமை மூன்று கம்பெனி கைமாறி
கோலாலம்பூரில் ஒரு முகவரியில் நிற்கிறது.
அனுப்பிய கடிதம் எல்லாம்
ஒட்டிய தலையோடு திரும்பி வருகின்றன.

எடுத்துவிடு என்றேன்.
உபியில் ஓர் ஒலிப்பதிவு அறையில்
பாட்டு போய் அங்கே லாரி வந்தது,
பின்வாங்கும் லாரியின் பீப், பீப்.
அதற்கு இசையமைப்பாளர் கிடையாது.
முணுமுணுத்ததும் பதிப்புரிமைதான்,
அதையும் துடைத்தாயிற்று.
உதடு மட்டும் அசைகிறது,
குழாய்த் தண்ணீரைப் பார்த்தபடி.

சரிபார்க்க அன்றுதான்
முழுப் படத்தையும் முதன்முதலாகப் பார்த்தேன்.
அதுவரை நான் பார்த்தது
இடுக்கில் ஓடும் எண்களைத்தான்.
ரசீதில் இரண்டு மணி நேரம் போட்டேன்,
இந்தத் தொண்ணூறு நிமிடத்தைப் போடவில்லை.
ஏன் என்று கேட்காதீர்கள்.

தைப்பேயிலிருந்து பதில் வந்தது:
அந்தப் பிரார்த்தனைக் காட்சி அருமை.
சியூ லிங் "ஆமாம்" என்று எழுதிவிட்டாள்.
மறுக்கச் சொல்லி
என்னிடம் யாரும் கட்டணம் தரவில்லை.

சங்கிலி முழுசு. முத்திரை குத்தினேன்.
அங் மோ கியோவில் அந்த வானொலியைத் திருகியவர்
எந்தத் தாளிலும் இல்லை.